நாலு விரற்கடை தள்ளி வைத்தால்...



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரையும் கடைசி பஸ்ஸை விட்ட கதையையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "அதெல்லாம் போன மலரிலேயே எட்டுப் பேர் எழுதிட்டாங்கண்ணா. இப்ப படிக்கிற பசங்களுக்கும் ஆகிற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க" என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எதை எழுதுவது என்று யோசித்தபோது, சென்ற சந்திப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

பழைய பிளாக்கின் பெரிய ஹாலில் கூடியிருந்தோம். வர முடியாத நண்பர் ஒருவரை வீடியோ காலில் அழைத்து, போனை மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தோம். கல்லூரி வைஃபைதான். நண்பர் "எல்லாரும் சௌக்..." என்றார், அதோடு உறைந்துவிட்டார். வாய் திறந்தபடி அவர் அப்படியே நிற்க, எல்லோரும் சிரித்தோம். முன் வரிசையில் நின்ற இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து, போனை நாலு விரற்கடை வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். "...கியமா?" என்று நண்பர் முடித்தார். அடுத்த இருபது நிமிடமும் தடையில்லாமல் பேசினார். "அதெப்படிம்மா?" என்று கேட்டேன். "தெரியல சார், எங்க ஹாஸ்டல்ல இப்படித்தான் பண்ணுவோம்" என்றாள்.

தெரியாமலே அவள் செய்த காரியத்துக்கு நூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான திருப்பத்தில், எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் பள்ளிக்கூடம் படித்த ஒருவரும் வருகிறார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன். பஸ் பிடித்து வந்து நம் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். எங்கள் ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் சேர்வராயன் மலை தெரியும். வாணியாறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் சேலம், மேலே ஏற்காடு. டெலிவிஷன் வந்த புதிதில் எங்களுக்கு இந்த மலை ஒரு பெரிய தொல்லை. தூரத்து ஸ்டேஷனைப் பிடிக்க மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனாவைக் கட்டியிருப்போம். மாடியில் ஒருவர், வாசலில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர். "தெரியுதாண்ணா?" "இல்லடா, இன்னும் கொஞ்சம் திருப்பு!" "இப்ப?" "வருது, வருது... போச்சு!" ஒருவழியாகப் படம் வந்தாலும், செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் மாதிரி இன்னொருவர் மங்கலாக உட்கார்ந்து அதே செய்தியை வாசிப்பார். "பேய் பிடிச்சிருக்கு" என்று பாட்டி சொல்வார். வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரனும் அதற்கு 'பேய்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறான்!

அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வந்தார்? ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய அலை நேராக ஒரு முறை நம் ஆன்டெனாவுக்கு வருகிறது. மலையில் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக இன்னொரு முறையும் வருகிறது. மஞ்சவாடி கணவாயில் நின்று கூப்பாடு போட்டால் நம் குரல் நமக்கே திரும்பி வருமல்லவா, அதே கதைதான். வானொலிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'மல்டிபாத்', அதாவது பல வழியில் வரவு.

ஒரு ஹாலுக்குள் மலைக்குப் பதில் சுவர், கூரை, தரை, இரும்பு பீரோ, ஜன்னல் கம்பி, மனிதர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ரவுட்டரிலிருந்து கிளம்பும் அலை இவற்றிலெல்லாம் பட்டுத் தெறித்து, பத்து இருபது வழிகளில் போனுக்கு வந்து சேர்கிறது. அலைக்கு மேடும் பள்ளமும் உண்டு. ஒரு வழியில் வந்த மேடும் இன்னொரு வழியில் வந்த மேடும் சேர்ந்தால் சிக்னல் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும். நம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ஆகவே ஹாலுக்குள் நல்ல இடமும் குழியும் சில சென்டிமீட்டருக்கு ஒன்றாக மாறி மாறிக் கிடக்கின்றன. அரை அலை நீளமான ஆறே கால் சென்டிமீட்டர் தள்ளிப் போனால், அங்கே நிலைமை பெரும்பாலும் வேறாக இருக்கும். அந்த மாணவியின் நாலு விரற்கடை கணக்கு இதுதான்.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் கட்டிடத்துக்குள் வேலை செய்தவர்கள் அல்ல. 1920-களில் கடல் கடந்து சிற்றலையில் தந்தி வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துப் பொறியாளர்கள். வானத்து அடுக்குகளில் பட்டுப் பல வழியில் வரும் அலை, ஒரு நிமிஷம் பலமாகக் கேட்கும், மறு நிமிஷம் மங்கிவிடும். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ரிவர்ஹெட் என்ற ஊரில் இருந்த வாங்கு நிலையத்தில், பெவரேஜ், பீட்டர்சன் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பல நூறு அடி தள்ளி இன்னொரு ஆன்டெனா வைத்தால், இது மங்கும் நேரத்தில் அது மங்குவதில்லை! அப்படியானால் இரண்டு மூன்று ஆன்டெனாக்களை வைத்து, எதில் நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டால் போச்சு. 1931-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். 'டைவர்சிட்டி' என்ற கலை அங்கே முறையாகத் தொடங்குகிறது.

எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். நேர்பாதை இல்லாத, எதிரொலிகள் மட்டுமே வந்து சேரும் ஓர் இடத்தில், சிக்னல் தன் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. தனித்தனியாக மங்கும் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் அப்படி விழ வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. நூறில் ஒரு பங்குக்குக் கீழே விழுவதை எடுத்துக்கொண்டால், ஓர் ஆன்டெனாவுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்குப் பத்தாயிரத்துக்கு ஒன்று! மின்சாரத்தைக் கூட்டாமல், ஒரு முழம் கம்பியைக் கூடுதலாக வைத்ததில் கிடைத்த லாபம் இது. "ஆன்டெனா அதிகமா இருந்தா பவர் அதிகம்" என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் பவர் அப்படியேதான் இருக்கிறது. எல்லா ஆன்டெனாவும் சேர்ந்து ஒரே சமயத்தில் ஏமாறுவது அபூர்வம், அவ்வளவுதான்.

சரி, மங்குவதற்கு மருந்து கிடைத்தது. ஆனால் எதிரொலிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதுதான் பேய்ப் படத்தில் நாம் பார்த்தது. தாமதமாக வரும் பழைய சேதி, புதிதாக வரும் சேதியின் மேலே விழுந்து அதைக் குழப்புகிறது. கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து வேகமாகப் பேசுபவரின் பேச்சு ஏன் புரிவதில்லை? முதல் வார்த்தையின் எதிரொலி அடங்குவதற்குள் மூன்றாவது வார்த்தை வந்துவிடுகிறது. எத்தனை ஸ்பீக்கர் கட்டினாலும் இது தீராது.

இதற்கு மருந்து டெலிபோன்காரர்களிடமிருந்து வந்தது. டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் சேதி அனுப்பியபோது, ஒவ்வொரு துடிப்பும் கம்பியில் இழுபட்டு அடுத்த துடிப்பின் மேல் படிந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் லக்கி 1965-ல், இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஈக்வலைசரைச் செய்து காட்டினார். முதலில் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு சேதியை அனுப்புவது. அது எப்படிக் கெட்டு வந்திருக்கிறது என்று பார்த்து, கெடுத்த விதத்தைக் கற்றுக்கொள்வது. அதற்கு நேர்மாறாக ஒரு வடிகட்டியை அமைத்துக்கொள்வது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்த பிறகு, மோடம் வைத்திருந்தவர்கள் அந்தக் 'கீ... க்ர்ர்ர்...' சத்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கூச்சலில் ஒரு பகுதி, மோடத்துக்குள் இருந்த ஈக்வலைசர் நம் வீட்டு டெலிபோன் லைனைப் படித்துக்கொண்ட சத்தம்தான்!

இந்த இரண்டு மருந்தும் கட்டிடத்துக்குள் எப்படி வந்தன? கட்டிடத்துக்குள் கம்பியில்லா அலையை ஓட்டிக் காட்டியதில் முன்னோடி நம்மவர்தான். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பிய அலை, அந்தப் பக்கத்தில் மணியை அடித்தது. அதற்குப் பிறகு இந்தத் துறையின் கவனமெல்லாம் கடலுக்கும் கண்டத்துக்கும் போய்விட்டது. 1985-ல் அமெரிக்க அரசு, மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் லைசென்ஸ் இல்லாமல் சேதி அனுப்பலாம் என்று திறந்துவிட்ட பிறகுதான் ஆபீசுக்குள் கம்பியில்லா வலை என்ற எண்ணம் சூடு பிடித்தது. (நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இப்படி லைசென்ஸ் இன்றித் திறந்துவிடப்பட்டது 2005-ல். வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறை நாம். எனவே இருபது வருஷத் தாமதத்தில் ஆச்சரியமில்லை.)

1987-ல் பெல் ஆய்வுக்கூடத்து சலே, வாலென்சுவேலா இருவரும் ஓர் ஆபீஸ் கட்டிடத்தின் அறைகளில் எதிரொலியை அளந்து பார்த்துக் கணக்குக் கொடுத்தார்கள். ஒளியும் வானொலி அலையும் ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் எதிரொலிகளின் பரவல் சாதாரணமாக 25 நானோ விநாடி, மிஞ்சிப் போனால் 50 என்று அவர்கள் கண்டார்கள். வராந்தாக்களில் கடைசி எதிரொலி 300 நானோ விநாடி வரைகூடத் தாமதமாக வந்தது. இந்த வாலென்சுவேலா பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருவார்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சென்னையில் நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பார்ப்போம். 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலானோர் 'டெனெட்' என்ற குழுவாகச் சேர்ந்து, கிராமத்துக்கும் கட்டுப்படியாகிற டெலிபோன் வேண்டும் என்று இறங்கினார்கள். வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்கும் செலவுதான் பெரிய செலவு; அதைக் கம்பியில்லாமல் செய்துவிட்டால்? ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் கார்ட்லெஸ் போனுக்கென்று உண்டாக்கிய 'டெக்ட்' என்ற தரத்தை எடுத்து, சென்னையிலேயே தொடங்கிய மைதாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'கார்டெக்ட்' என்று செய்தார்கள். கட்டிடத்துக்குள் சில நூறு அடி போகப் பிறந்த அலையை, கோபுரம் நட்டு, நேர்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை போகச் செய்தார்கள்.

இதில் நம் இரண்டு மருந்தில் எது இருந்தது? கார்டெக்டின் சிறிய பேஸ் ஸ்டேஷனில் இரண்டு ஆன்டெனாக்கள். எதில் நன்றாகக் கேட்கிறதோ அதிலேயே பதிலும் அனுப்பும். டெக்ட் முறையில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் என்பதால், நன்றாகக் கேட்ட வழியே நன்றாகப் பேசும் வழியும் ஆகிறது. அதனால் வீட்டிலிருக்கும் கருவிக்கு இரண்டாவது ஆன்டெனா தேவையில்லை, செலவு மிச்சம். ஈக்வலைசர்? டெக்ட் முறைக்கு அது தேவைப்படவில்லை. அது விநாடிக்கு 11,52,000 பிட் ஓடும் முறை. ஒரு பிட்டுக்குச் சுமார் 868 நானோ விநாடி. 50 நானோ விநாடி எதிரொலி அதில் எம்மாத்திரம்? மண்டபத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவருக்கு எதிரொலி பயம் இல்லை. எதை வைக்க வேண்டும் என்பதைவிட எதை விடலாம் என்று தெரிந்து வேலை செய்வது பெரிய பொறியியல் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில், என்-லாக் நிறுவனத்தின் மூலம் இந்தக் கார்டெக்ட் வழியாக இன்டர்நெட் கடைகள் திறந்தார்கள். போன் பேசிக்கொண்டே விநாடிக்கு 35,000 பிட் இன்டர்நெட்டும் வரும். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கிராமத்துப் பாட்டியின் கண்ணைப் படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டதெல்லாம் அந்த வேகத்தில்தான். அப்புறம் செல்போன் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. பத்து வருஷத்துக்குள் அந்தக் கடைகளில் பல மூடப்பட்டன. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். பாதிதான் சரி. சென்னையில் உட்கார்ந்து ரேடியோ செய்யலாம் என்று ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்குத் தெரிந்தது அதனால்தான்.

நிதானமாகப் பேசினால் எதிரொலி பயமில்லை, சரி. வேகமாகப் பேச வேண்டுமென்றால்? அங்கேதான் 1990-களில் உலகம் முழுக்கத் திண்டாடினார்கள். ஐரோப்பியர்கள் 1996-ல் 'ஹைப்பர்லான்' என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். விநாடிக்கு 2 கோடியே 35 லட்சம் பிட். ஒரு பிட்டுக்கு 42 நானோ விநாடி சொச்சம்தான். அறை எதிரொலியின் பரவலே 50 வரை போகலாம். ஆகவே பலமான ஈக்வலைசர் இல்லாமல் அது நடக்காது. "போன பிட் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன், அதன் எதிரொலி இவ்வளவு இருக்கும், இப்போது வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடுகிறேன்" என்று பிட்டுக்குப் பிட்டு கழித்துக்கொண்டே ஓட வேண்டும். ஒரு பிட்டைத் தப்பாக முடிவு செய்தால், கழிப்பதும் தப்பாகும். தப்பு தப்பைப் பிரசவிக்கும். இத்தனை கோடி முறை கழிக்கும் சிப்புக்கு விலையும் அதிகம், மின்சாரமும் அதிகம். ஈக்வலைசரும் இரட்டை ஆன்டெனாவும் சேர்ந்தால் நிலைமை எவ்வளவு தேறும் என்று எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசைதான்: நல்ல ஆன்டெனாவைப் பொறுக்கிக் கொடுத்தால், ஈக்வலைசருக்கு வேலை குறைகிறது. படிப்பதற்கு அழகான ஆராய்ச்சி. ஆனால் ஹைப்பர்லான் கடைக்கு வந்து விற்றதாகச் சொல்ல முடியாது.

வழி காட்டியது ஆஸ்திரேலியா. அங்கே அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் என்பவர், 1970-களில் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்ன வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் வானொலித் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கருந்துளை கிடைக்கவில்லை. ஆனால் விண்வெளியில் இழுபட்டு வரும் துடிப்பைச் சீர்செய்யக் கற்ற கணக்கு கையில் இருந்தது. அவரும் கூட்டாளிகளுமாக ஐவர் அறைக்குள் எதிரொலிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஒருவரே வேகமாகப் பேசாமல், பலர் வெவ்வேறு சுருதியில், ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் நிதானமாகப் பேசினால்? 1999-ல் வந்த 802.11ஏ தரம் இந்த வழியில்தான் போயிற்று. 48 சுருதிகளில் சேதி. ஒவ்வொரு துடிப்பும் 4 மைக்ரோ விநாடி. அதில் முதல் 0.8 மைக்ரோ விநாடியை எதிரொலி அடங்கட்டும் என்று சும்மா விட்டுவிடுவார்கள். வேகம் 54 மெகாபிட். ஈக்வலைசர் செத்துப்போகவில்லை, ஒவ்வொரு சுருதிக்கும் ஒரே ஒரு வகுத்தல் என்று சுருங்கிவிட்டது. மற்றக் கம்பெனிகளோடு நீண்ட வழக்குகள் நடந்து, அந்தக் காப்புரிமையால் ஆஸ்திரேலியாவுக்கு 40 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது.

இனி நம் மலைக்கு வருவோம்.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். படித்தது ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியில். எந்த மலையின் எதிரொலி எங்கள் டிவியில் பேயாக வந்ததோ, அதே மலையின் உச்சியில்! பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படையில் சேர்ந்தார். கடற்படையில் இருந்தபடியே டெல்லி ஐ.ஐ.டி.யில் 1973-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1971 போரில் 'குக்ரி' என்ற நம் கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது, நம் சோனார்களின் குறை வெட்ட வெளிச்சமாகியது. அந்தச் சோனாரைத் திருத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு 'அப்ஸோ' என்ற புது சோனாரையே உருவாக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கடலுக்குள் ஒலி என்பது முழுக்க முழுக்க எதிரொலிதான்: மேலே தண்ணீர் மட்டம், கீழே கடல் தரை, நடுவில் பல வழி. எத்தனையோ செவிகளை வரிசையாக வைத்து, எந்தத் திசையிலிருந்து எது வருகிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். டைவர்சிட்டியின் அண்ணன் என்று சொல்லலாம்.

1991-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரே அலைவரிசையில் வரும் இரண்டு சிக்னல்களைப் பல ஆன்டெனாக்களால் பிரிக்கும் சோதனையில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. அனுப்பும் இரண்டு கருவிகளும் மிக அருகருகே இருந்தால், அவற்றைப் பிரிப்பது கடினம். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வழியில் அலையைச் சிதறடிக்கும் பொருள்கள் இருந்தால், அருகருகே இருப்பவற்றையும் பிரிக்க முடிகிறது! எதிரொலி கெடுக்கவில்லை, உதவுகிறது.

பத்தாம் வகுப்பு ஒருங்கமை சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10 என்றால் எண்களைச் சொல்ல முடியாது. இரண்டாவது சமன்பாடு வேண்டும். "அவற்றின் இருமடங்குகளின் கூட்டுத்தொகை 20" என்று சொன்னால் பிரயோஜனமில்லை; அது முதலாவதின் மறுபதிப்பு. "வித்தியாசம் 2" என்று சொன்னால் 6, 4 என்று சட்டென்று சொல்லிவிடலாம். வெட்டவெளியில் அருகருகே வைத்த இரண்டு ஆன்டெனாக்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே சமன்பாடுதான். சுவரும் பீரோவும் அலையைக் கண்டபடி தெறிக்கவிட்டால், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் வெவ்வேறு சமன்பாடு கிடைக்கிறது. ஆகவே இரண்டு ஆன்டெனாவில் இரண்டு வெவ்வேறு சேதிகளை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பலாம். அந்தப் பக்கம் இரண்டு ஆன்டெனா இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கு. நாலு ஆன்டெனா என்றால், நிலைமை ஒத்துழைத்தால், நாலு மடங்கு.

பால்ராஜும், ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த, புனேயில் பிறந்து வளர்ந்த தாமஸ் கைலாத்தும் 1992-ல் இதற்கு விண்ணப்பித்து, 1994-ல் காப்புரிமை பெற்றார்கள். 'மைமோ' என்று இன்று உலகம் சொல்வது இதைத்தான். முதலில் நம்பியவர்கள் குறைவு. எழுபது வருஷமாக எல்லோரும் எதிரியாகப் பார்த்ததை ஒருவர் வந்து கூட்டாளி என்றால் யார்தான் உடனே நம்புவார்கள்? 1996-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபாஷினி கணிதத்தில் நிறுவினார். 1998-ல் அதே ஆய்வுக்கூடத்தில் கட்டிடத்துக்குள் வைத்து இதைச் செய்து காட்டினார்கள். அந்தச் சோதனைக் குழுவில் ஒருவர் யார் தெரியுமா? பதினோரு வருஷம் முன்பு ஆபீஸ் அறையின் எதிரொலியை எதிரியின் படைபலம்போல அளந்த அதே வாலென்சுவேலா! அதே 1998-ல், அனுப்பும் பக்கத்திலேயே பல ஆன்டெனாக்களில் சேதியைப் பின்னி அனுப்பும் குறியீட்டு முறையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. அதை எழுதிய மூவரில் நம்பிராஜன் சேஷாத்ரி, திருச்சி ரீஜனல் என்ஜினியரிங் காலேஜில் படித்தவர்.

பால்ராஜ் 1998-ல் தொடங்கிய கம்பெனி, பல சுருதி வழியையும் மைமோவையும் ஒன்றாக இணைத்தது. 2009-ல் வந்த 802.11என் தரத்திலிருந்து வைஃபை முழுக்க இந்த இணைப்பில்தான் ஓடுகிறது. 2010-ல் அவருக்குப் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனில் வைஃபைக்கு இரண்டு ஆன்டெனா இருந்தால், அதில் ஏற்காட்டில் படித்தவரின் யோசனை இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சென்ற மாதம் ஊருக்குப் போனபோது விசாரித்தேன். டீக்கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே ஐம்பது வயது தாண்டித்தான் தெரிந்தது என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் மார்க்கோனிக்கு இடம் இருக்கும்போது, மார்க்கோனி பரிசு வாங்கிய நம்மூர் மலைக்காரருக்கு ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

அந்த மாணவி ஒரு கேள்வி கேட்கலாம். போனுக்குள் இரண்டு ஆன்டெனாவும் இத்தனை மூளையும் இருந்தும் அன்றைக்கு ஏன் படம் உறைந்தது? நியாயமான கேள்வி. கூட்டம் கலைந்த பிறகு நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். ரவுட்டரை யாரோ பத்திரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அதன் மூன்று ஆன்டெனாவும் ஒன்றாக மடக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன! மூன்று காதையும் சேர்த்துக் கட்டினால் மூன்றும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சமன்பாடுதான். வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி, ரவுட்டரை பீரோவிலிருந்து தள்ளி, மேலே ஆணியில் மாட்டினேன். ஓர் ஆன்டெனாவை நேராகவும், மற்ற இரண்டையும் இரு பக்கமும் சாய்த்தும் விட்டேன். நடுவில் நாலு விரற்கடைக்குக் குறையாமல் இடைவெளி. பாதி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், இப்ப நல்லா வருது. அப்படியே விட்டுடுங்க, திருப்பாதீங்க!"

அது எங்கள் வாசலில் நின்றவர் சொன்ன அதே தொனி.